சிவப்புப் பட்டைக் கப்பலுக்குப் போன குழம்பு

எங்கள் குப்பத்தில் எனக்குச் சீமைக்காரன் என்று பெயர். மரியாதைக்காக வைத்த பெயர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்க மறந்துபோகிறவன், சாவு வீட்டில் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறவன், சித்திரை வெயிலைக் கண்டு முகம் சுளிக்கிறவன், இவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? நான் பிறந்த மணல் இதுதான். என்னைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த மணலும் இதுதான். ஆனாலும் பென்ஷனோடு வந்து இறங்கிய கிழவனைத் தன் ஆளாகச் சேர்த்துக்கொள்ள ஊர் தயாராக இல்லை. அதற்காக நான் ஊரைக் குறை சொல்லப்போவதில்லை. குறை சொல்கிற குணம் எனக்கு நிறையவே உண்டு. அதை வேறு இடத்துக்கு வைத்திருக்கிறேன்.

வெளிநாடு போக ஆசைப்படுகிற பையன்கள் சில பேர் என்னிடம் யோசனை கேட்க வருவார்கள். என்ன படிக்கலாம், யாரைப் பிடிக்கலாம் என்று கேட்பார்கள். போ, ஆனால் குழம்பு விஷயத்தில் மட்டும் பொய் சொல்லாதே என்பேன். கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் கேட்காமல் போன கதையை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுதந்திரம் வந்த புதிது. ராயபுரத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கரி வண்டிகள் போகிற ரயில் பாதையுமாக இருந்த குப்பத்தில் எங்கள் வீடு. நாங்கள் நாலு பேர். நைனா கட்டுமரத்தில் போவார். அம்மா கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு டோல்கேட் வரைக்கும் நடந்துபோய் மீன் விற்பாள். என் தங்கை கார்ப்பரேஷன் பள்ளியில் அஞ்சாவதோடு நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருவன்தான். முடித்த கையோடு துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை பழகப் போனேன். வேலை இல்லாத நாளில் நைனாவோடு கடலுக்குப் போவேன்.

கப்பலின் எஞ்சின் அறைக்குள் முதல் தடவை இறங்கிய நாளில்தான் என் புத்தி கெட்டது. அந்தச் சூடும் எண்ணெய் வாசனையும், மூன்று மாடி உயரத்துக்கு நின்று மூச்சுவிடுகிற இரும்பும், அதற்கு நடுவே வெள்ளைச் சட்டையோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்த வெள்ளைக்கார எஞ்சினியரும் என்னை என்னவோ செய்துவிட்டார்கள். அந்த ஆளாக நான் ஆக வேண்டும். அதற்குப் பரீட்சை எழுதி டிக்கெட் வாங்க வேண்டும் என்றார்கள். டிக்கெட் என்றால் கப்பல் எஞ்சினுக்குப் பொறுப்பேற்கிறவனுக்குக் கொடுக்கிற சான்றிதழ். சீமைக்குப் போனால் ராத்திரிப் பள்ளியில் படித்தே எழுதிவிடலாம் என்று யாரோ சொன்னது மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. கூடப் பழகியவர்கள் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று சாமியைக் கும்பிட்டார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். எனக்கு மட்டும் எதுவும் போதாது.

வாய்ப்பு ஒரு காய்ச்சல்காரன் ரூபத்தில் வந்தது. இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகிற ஒரு சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவன் காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு ஆள் தேடி அந்தக் கப்பலின் சாரங்கு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். சாரங்கு என்றால் கலாசிகளுக்கு, அதாவது கப்பல் தொழிலாளிகளுக்கு, தலைவர். வங்காளத்து முஸ்லிம், தாடியில் மருதாணி போட்டவர். என் கையைத் திருப்பிக் காப்பு காய்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.

வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள். நைனா வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டார்.

"எந்தக் கப்பலு?"

"வெளிக்கடல்ல நிக்குதே, பெரிசா, அதான்."

"எல்லாம் பெரிசாத்தான் நிக்குது. பொகைக்கூண்டு இன்னா கலரு?"

"கறுப்பு. நடுவுல செவப்புப் பட்டை."

"பட்டை ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான் நைனா."

தலையாட்டினார். அவ்வளவுதான் அவர் கொடுத்த விடை. அம்மாதான் வாசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப வருவே கண்ணு?" என்றாள். எனக்கு அவசரம். "கப்பல் வரும்போது வருவேம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்தப் பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதில் தப்பு அவர்களுடையது இல்லை. எங்கள் ஆட்களுக்கு ஒருவன் எந்த மரத்தில் ஏறிப் போனானோ அதே மரத்தில்தான் திரும்பி வருவான். நடுக்கடலில் மரம் மாறுவது என்பது கேள்விப்படாத விஷயம். அப்படி எவனாவது மாறினால் அது வெட்டுக்குத்து வரைக்கும் போகும், பஞ்சாயத்து கூடும். கட்டுமரம் எவ்வளவு சின்னதோ கப்பல் அவ்வளவு பெரியது, மற்றபடி இரண்டும் ஒன்றுதான் என்பது நைனாவின் எண்ணம். மகன் சிவப்புப் பட்டைக் கப்பலில் ஏறினான். ஆகவே அந்தக் கப்பல் எங்கே இருக்கிறதோ அங்கே மகன் இருக்கிறான்.

மகன் லிவர்பூல் போய்ச் சேர்ந்ததும் ஒரு காலையில் துணிமூட்டையோடு இறங்கி, நகரத்துக்குள் நடந்து, திரும்பிப் போகவே இல்லை. வழியெல்லாம் சாரங்கு தன் சோற்றில் பாதியை எனக்குக் கொடுத்தவர். எஞ்சினின் ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று கைப்பிடித்துக் காட்டியவர். அவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

கப்பல் பழுதுபார்க்கிற ஓரிடத்தில் வேலை கிடைத்தது. சாயந்திரம் தொழிற்பள்ளியில் படிப்பு. ஒரு விதவை அம்மாளின் வீட்டு மாடியில், கூரை சாய்ந்து தலையில் இடிக்கிற அறை. அந்த அம்மாள் நல்லவள்தான், ஆனால் நான் கருவாடு சுட்டதாக ஒரு நாள் கனவு கண்டு எழுந்தால்கூட ஜன்னலைத் திறந்துவிடுவாள் என்று தோன்றும். மீனை அங்கே முள் எடுத்து, தோல் எடுத்து, மாவில் முக்கிப் பொரித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். எந்த மீன் என்று கேட்டால் மீன் என்றார்கள். தலை எங்கே என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

தனிமை என்றால் பேச ஆள் இல்லாமல் இருப்பது என்று அதற்குமுன் நினைத்திருந்தேன். பேச ஆட்கள் இருந்தார்கள். வானிலையைப் பற்றி எல்லோரும் என்னோடு பேசினார்கள். திட்டத்தான் ஆள் இல்லை. காலையில் எழுந்ததும், "இன்னாடா பொணம் மாரி தூங்கினு கீற" என்று யாராவது ஒரு சத்தம் போட மாட்டார்களா என்று இருக்கும். அரம் போட்டுக்கொண்டே நான் எங்கள் பாஷையில் என்னை நானே திட்டிக்கொள்வேன். பக்கத்தில் இருந்தவன் நான் ஜபம் செய்கிறேன் என்று நினைத்து மரியாதையாக விலகிப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சிவப்புப் பட்டைக் கப்பல் கண்ணில் பட்டால் மட்டும் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். சாரங்கின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

தங்கைக்கு மட்டும் உண்மையை எழுதினேன். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள்தான். ஆகவே எதைப் படித்துக்காட்டுவது, எதை விழுங்குவது என்பது அவள் கையில் இருந்தது. அவளுடைய முதல் பதிலில்தான் குழம்பு விஷயம் வந்தது.

சிவப்புப் பட்டைக் கப்பல் மறுபடியும் சென்னைக்கு வந்து, துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டிருந்திருக்கிறது. கரையில் யாரோ பார்த்துவிட்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து கத்தியிருக்கிறார்கள். அம்மா அன்றைக்கு வியாபாரத்துக்குப் போகவில்லை. வந்த சங்கரா மீனில் நல்லதாகப் பொறுக்கி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, மண்பானையில் ஊற்றி, வாயில் துணியைக் கட்டினாள். நைனா சின்ன மரத்தைக் கட்டி, பானையைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, ஒற்றை ஆளாகத் துடுப்புப் போட்டுப் போனார். கப்பலுக்குக் கீழே நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். மேலேயிருந்து எட்டிப் பார்த்தவனுக்குப் பாஷை புரியவில்லை. ஆனால் பானையின் வாசனை எந்தப் பாஷைக்காரனுக்கும் புரியும். அவன் ஒரு கயிற்றை இறக்கிப் பானையை மேலே இழுத்துக்கொண்டான். என் மகன் எங்கே என்று நைனா கையை ஆட்டிக் கேட்டதற்கு, எதையோ நினைத்துக்கொண்டு விரலைக் கீழே காட்டினான். கொஞ்ச நேரத்தில் பானை கழுவப்பட்டுத் திரும்பி இறங்கியது.

"கீழ எஞ்சின்ல வேலையா கீறானாம். மேல வர வுடலியாம்" என்று நைனா வந்து சொன்னார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பானையைக் கவிழ்த்துப் பார்த்து, ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை என்று தெருவெல்லாம் சொன்னாள். நான் என்ன செய்யட்டும் அண்ணா, சொல்லிவிடட்டுமா என்று தங்கை எழுதியிருந்தாள்.

சொல்லாதே என்று எழுதினேன். இன்னும் ஒரு வருஷம், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நானே சொல்கிறேன் என்றேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மாவுக்குப் படித்துக்காட்டத் தனியாக ஒரு தாள் எழுதினேன். கப்பலில் சௌக்கியமாக இருக்கிறேன், குழம்பு மிகவும் நன்றாக இருந்தது, கூட இருந்தவர்களும் விரும்பிச் சாப்பிட்டார்கள் என்று அதில் எழுதினேன். மணியான கையெழுத்தில் எழுதினேன். எழுதி முடித்துவிட்டுக் காகிதத்தில் சுற்றிய மீனைப் பிரித்துச் சாப்பிட்டேன். என்ன மனுஷன் நான்?

ஒரு வருஷம் என்பது இன்னொன்று ஆயிற்று, அதற்கும் அடுத்தது ஆயிற்று. வருஷத்தில் இரண்டு மூன்று தடவை அந்தக் கப்பல் வந்தது. ஒவ்வொரு தடவையும் குழம்பு போயிற்று. ஒவ்வொரு தடவையும் நான் நன்றாக இருந்தது என்று எழுதினேன். ஒரு தடவை கஸ்டம்ஸ் படகு நைனாவைத் துரத்திப் பிடித்தது. கடத்தல் சாமான் இருக்கிறதா என்று அதிகாரி ஒரு குச்சியை விட்டுக் குழம்பைக் கலக்கிப் பார்த்தாராம். மாங்காய்த் துண்டைத் தவிர வேறு எதுவும் அகப்படவில்லை. இன்னொரு தடவை ஐப்பசிக் கடல், அலை ஆளுயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. யாருமே மரம் இறக்கவில்லை. போக வேண்டாம் என்று தங்கை காலைப் பிடித்திருக்கிறாள். நைனா போனார். போய்த்தான் ஆக வேண்டும் என்று அவருக்கு ஒரு கட்டாயம் இருந்திருக்கிறது, அது அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுவதும் என்னால் வேலை செய்ய முடியவில்லை. ஆனாலும் உண்மையை எழுதினேனா? இல்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

பரீட்சையில் முதல் தடவை தோற்றேன். இரண்டாம் தடவை தேறினேன். டிக்கெட் கையில் வந்த பிறகுதான் அடுத்த வேடிக்கை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் டிக்கெட்டைப் பார்ப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். எந்த வெள்ளைச் சட்டைக்காக வீட்டை விட்டு வந்தேனோ அந்தச் சட்டையைப் போடுகிற தோல் எனக்கு இல்லை என்று புரிய இவ்வளவு படிப்பு வேண்டியிருந்தது. கடைசியில், வேறு யாரும் ஏற மறுத்த ஒரு ஓட்டைக் கப்பலில் நாலாவது எஞ்சினியர் வேலை கிடைத்தது. புகைக்கூண்டு முழுக்க மஞ்சள். கொழும்பு, சென்னை, கல்கத்தா போகிற கப்பல்.

வருகிறேன் என்று வீட்டுக்கு எழுதவில்லை. திடுதிப்பென்று போய் நிற்க வேண்டும் என்று ஆசை. வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, தலையில் தொப்பி. என்னை இந்தக் கோலத்தில் பார்த்தால் நைனாவுக்கு எல்லாம் மறந்துபோகும் என்று நிஜமாகவே நம்பினேன்.

விடிகாலையில் சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டோம். கரை தெரிந்தது. ராயபுரத்துக் கட்டடங்கள், ஆலைகளின் புகை, அவற்றுக்கு வடக்கே ஒரு கோடு மாதிரி எங்கள் குப்பம். மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், எங்களுக்குக் கிழக்கே, இன்னும் ஆழத்தில், சிவப்புப் பட்டைக் கப்பல் நின்றுகொண்டிருந்தது.

கரையிலிருந்து ஒரு சின்ன மரம் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. கிட்டே வர வர ஆள் தெரிந்தது. தோள் இறங்கிப்போயிருந்தது, தலை முழுக்க வெள்ளை. கால்களுக்கு நடுவே துணி கட்டிய பானை. எங்கள் கப்பலின் பக்கவாட்டை ஒட்டித்தான் அவர் போக வேண்டும். நான் கம்பிமேல் சாய்ந்து, "நைனா!" என்று கத்தினேன். இவ்வளவு வருஷம் திறக்காத வாய், குரல் கிழிந்து வந்தது. மறுபடியும் கத்தினேன்.

துடுப்பை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய், துரைமார்களுக்கு வைப்பது போல ஒரு சலாம் வைத்தார். பிறகு துடுப்பைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதிகாரிகளைக் கரைக்குக் கொண்டுபோகிற படகு மத்தியானத்துக்கு மேல்தான் வரும். அதுவரைக்கும் அங்கேயே நின்றேன். காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. சிவப்புப் பட்டைக் கப்பலிலிருந்து கயிறு இறங்கியது, பானை மேலே போயிற்று. கம்பியோரம் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்து நைனாவோடு பேசின. அவர் மரத்தில் குந்திக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னார். ஒரு கட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தொலைவு அதிகம், சத்தம் கேட்கவில்லை. ஆனால் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறவரை எனக்குத் தெரியாதா? என்னோடு மரத்தில் வந்த நாட்களில் அவர் அப்படிச் சிரித்ததே இல்லை. அந்தக் கலாசிகள்மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொன்னால் வெட்கம்.

மத்தியானம் துறைமுகத்தில் இறங்கினேன். ராயபுரத்துக்குப் போகிற டிராமைத் தேடினால், அதை நிறுத்திவிட்டார்கள் என்று ஒருவர் சிரித்தார். நடந்தே போனேன். குப்பத்துப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையைப் பார்த்து விலகி வழிவிட்டார்கள். நைனா மணலில் உட்கார்ந்து மரத்தின் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கடலிலிருந்து வந்தால் கட்டை கட்டையாகப் பிரித்து உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஊறிப்போகும். காலடிச் சத்தம் கேட்டும் நிமிரவில்லை.

"வந்துட்டியா" என்றார்.

"காலைல கூப்ட்டனே நைனா. காதுல வுழலியா?"

"வுழுந்துச்சு."

"அப்புறம் இன்னாத்துக்கு சலாம் வச்சிட்டுப் போன?"

"தொப்பி போட்டுகினு நின்னே. தொப்பிக்கு வச்சேன்."

"நாந்தான்னு தெரியலியா?"

"பெத்தவனுக்குத் தெரியாதா?" என்றார். ஒரு முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். "கொழம்பு ஆறிப்பூடும். அவனுங்க காத்துகினு கெடந்தானுங்க."

மெதுவாக, அந்தக் கப்பலில் நான் இல்லை என்பது எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"ரெண்டாவது வாட்டி போனப்பவே. தாடிக்கார சாரங்கு ஏணில எறங்கி என் மரத்துல வந்து குந்தினான். ரெண்டு வெரல வச்சி ஓடுறா மாரி காட்டுனான். உன் புள்ளய தொலச்சிட்டேன்னு என் கையப் புடிச்சிகினு அழுதான் அந்தாளு. அவனுக்குத் தெரிஞ்ச இந்துஸ்தானி, எனக்குத் தெரிஞ்ச இந்துஸ்தானி. எல்லாம் புரிஞ்சிபோச்சி."

"தெரிஞ்சப்புறமும் ஏன் எடுத்துகினு போன? அந்த ஐப்பசிக் கடல்லகூட?"

"கடலுக்கு எடுத்துகினு போன சோறு திரும்பி வரக்கூடாது, திரும்பி வந்தா ஆளு இல்லன்னு அர்த்தம்னு சொல்றவ உங்கம்மா. ரொம்பின பானைய அப்படியே எடுத்துகினு வந்து அவ கைல குடுக்கச் சொல்றியா? போவாம இருந்தா மட்டும் வுடுவாளா, ஏன் போவலன்னு கேப்பா."

கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தார். அதுவரைக்கும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு அப்போதுதான் குரல் மாறியது.

"உன் லெட்டரு வரும். உன் தங்கச்சி படிப்பா. கொழம்பு நல்லா இருந்துச்சாம்னு உங்கம்மா சிரிப்பா. நானும் கேட்டுகினு குந்தினு இருப்பேன். ஒருவாட்டி அவ உப்பே போடாம குடுத்தனுப்பிட்டா. சாரங்கு வாயில வச்சிட்டு மூஞ்ச சுளிச்சான், அப்பால அவனே உப்பு போட்டுகினான். அந்த வாட்டியும் நல்லா இருந்துச்சுன்னு எழுதுன. ஒருவாட்டியாச்சும் நல்லா இல்லன்னு எழுதியிருக்கலாமேடா."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் பாஷையில் அதற்கு அப்பா மகன் சொல்லிக்கொள்கிற வார்த்தை எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் பாஷையில் ஒன்று இருக்கிறது, காலை இடித்தால்கூட அதைச் சொல்வார்கள்.

"வூட்ல போயி எதுனா ஒளறி வைக்காத. கப்பல்லேர்ந்து வந்தேன்னு மட்டும் சொல்லு. தங்கச்சி கிட்டயும் சொல்லாத. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறா, பாவம்" என்று சொல்லிவிட்டு எழுந்து முன்னால் நடந்தார்.

அம்மா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், சட்டையின் பித்தான்களைத் தடவிப் பார்த்தாள், இளைத்துவிட்டாய் என்றாள். தங்கை கதவோரம் நின்றாள். நான் விட்டுப்போன சின்னப் பெண் இல்லை அவள். இவ்வளவு வருஷம் ஒரு பொய்யைச் சுமந்தவளின் முகம் அது, அதில் என்னைக் கண்ட சந்தோஷம் கொஞ்சம்தான் இருந்தது.

"மேல வர வுட்டுட்டாங்களா கண்ணு? இன்னிக்குத்தான் நைனா கைல கொழம்பு குடுத்தனுப்பினேன். சூடா வந்துச்சா? சாப்ட்டியா?"

நைனா வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

"சாப்ட்டேம்மா" என்றேன்.

அவளுக்கு அது போதும். பொழுது சாய்ந்ததும் விளக்கை ஏற்றினாள். மூன்று பேருக்கும் கஞ்சி ஊற்றினாள், ஆளுக்கு ஒரு துண்டு சுட்ட கருவாடு வைத்தாள். கப்பல் வருகிற நாளில் வீட்டில் எப்போதும் கஞ்சிதான் என்றாள். கூட இருக்கிறவர்களும் தின்ன வேண்டுமே என்று குழம்பு மொத்தத்தையும் பானையில் ஊற்றி அனுப்பிவிடுவாளாம். எனக்குக் கிண்ணம் வைக்கவில்லை. "கொழம்பு தின்ன வாய்க்குக் கஞ்சி எறங்காது, நீ சும்மா குந்து, ஒன்னப் பாத்துகினே நாங்க சாப்புடறோம்" என்றாள். காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கருவாட்டு வாசனை வீடு முழுக்க நின்றது. குடலைப் பிடுங்குகிற பசி. ஒரு வாய் கேட்டால் போதும், அள்ளிக் கொடுத்திருப்பாள். ஏன் பசிக்கிறது என்றும் கேட்டிருப்பாள்.

"இன்னிக்கு மாங்கா கொஞ்சம் புளிப்பு. நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

நைனா கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. தங்கை எழுந்து உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். அதைக் குடித்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினேன்.